பூமி மாறவில்லை, வீடுகள் மாறிவிட்டன

பெங்களூர் பிரேசர் டவுனில் மாஸ்க் ரோட்டை ஒட்டிய தெருக்களில் நடந்தால் ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மேலே நான்கு மாடி. கீழே சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும். அவற்றுக்கிடையே கார்களும் ஸ்கூட்டர்களும். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இங்கெல்லாம் தோட்டம் சூழ்ந்த ஓட்டு வீடுகள் நின்றன.

2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகலில் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது, சுமார் 2,000 கி.மீ. தள்ளியுள்ள பெங்களூரிலும் மாடிக் கட்டிடங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். 2004-இல் சுனாமி, 2011-இல் ஜப்பான், 2023-இல் துருக்கி, 2025-இல் மியான்மர் என்று பட்டியல் நீள்கிறது. பூகம்பங்கள் முன்பைவிட அடிக்கடி வருகின்றனவா? அவற்றின் பலமும் கூடிக்கொண்டே போகிறதா?

புள்ளிவிவரம் சொல்லும் பதில்: இல்லை. 7 அளவும் அதற்கு மேலும் உள்ள பூகம்பங்கள் உலகில் ஆண்டுக்குச் சராசரியாக 15 நிகழ்கின்றன. 8-ஐத் தாண்டுவது ஆண்டுக்கு ஒன்று. ஏற்ற இறக்கம் உண்டு. 1989-இல் 7-க்கு மேற்பட்டவை ஆறுதான், 2010-இல் 23. 2004, 2010, 2011 என அடுத்தடுத்து ராட்சத பூகம்பங்கள் வந்தபோது விஞ்ஞானிகளுக்கே சந்தேகம் எழுந்தது. பீட்டர் ஷீரர், பிலிப் ஸ்டார்க் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நூறாண்டுப் பதிவுகளை அலசி, இது தற்செயலான கூட்டம்தான், ஆபத்து கூடியதற்கு ஆதாரமில்லை என்று 2012-இல் அறிவித்தார்கள். பலத்திலும் பழைய சாதனை முறியடிக்கப்படவில்லை. 1960-இல் சிலியைக் குலுக்கிய 9.5-தான் இன்றும் முதலிடம்.

பிறகு ஏன் அதிகமாகத் தோன்றுகிறது? 1931-இல் உலகில் சுமார் 350 பதிவு நிலையங்களே இருந்தன. இப்போது பல ஆயிரம். அன்று யார் கண்ணிலும் படாத சிறு அதிர்வுகூட இன்று சில நிமிடங்களில் செல்போனுக்கு வந்துவிடுகிறது.

ஆனால் சாவு எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. 2025 மார்ச்சில் மியான்மரைத் தாக்கியது 7.7. இறந்தவர்கள் 3,000-க்கும் மேல். சுமார் 1,000 கி.மீ. தொலைவில் பாங்காக்கில் கட்டி முடிக்கப்படாத ஓர் உயரமான கட்டிடம் சரிந்தது. அதே ஜூலையில் ரஷ்யாவின் கம்சாட்காவில் வந்தது 8.8. வெளிப்பட்ட சக்தி மியான்மரைப்போல் ஏறக்குறைய 45 மடங்கு. உயிரிழப்போ மிகமிகக் குறைவு. மையம் கடலுக்குள்; கரையில் ஜன நெரிசல் இல்லை. ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் பூகம்பத்தின் எண் அல்ல, இடியும் கட்டிடம்.

தக்காணப் பாறை உறுதியானது, இங்கே பயமில்லை என்ற நம்பிக்கையை 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் லாத்தூர் தகர்த்தது. அளவு 6.2-தான். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர்கள் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். அந்தப் பகுதி அதுவரை வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 2002-இல் அந்த மண்டலமே நீக்கப்பட்டது. பெங்களூருக்கு இரண்டாம் மண்டலம் தரப்பட்டது. குறைந்த ஆபத்து, ஆனால் பூஜ்யம் அல்ல. 1900 பிப்ரவரியில் கோயமுத்தூர் பகுதியில் உருவான சுமார் 6 அளவுள்ள பூகம்பம் தென்னிந்தியாவின் பெரும் பகுதியை ஆட்டியது.

தூண்களின் மேல் நிற்கும் வீடுகளுக்கான எச்சரிக்கை 2001 ஜனவரி 26 அன்றே கிடைத்துவிட்டது. புஜ் பூகம்ப மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பல, தரைத்தளத்தைக் கார்களுக்கு விட்டவை. மேல்மாடிகளைச் சுவர்கள் இறுகப் பிடித்திருக்க, ஆட்டம் முழுவதையும் கீழ்த்தளத் தூண்களே தாங்க வேண்டியிருந்தது. அவை முறிந்ததும் மொத்தமும் இறங்கியது.

பரிகாரம் ரகசியமல்ல. கீழ்த்தளத் தூண்கள் பருமனாக இருக்க வேண்டும். இடையிடையே கான்கிரீட் சுவர் வேண்டும். தூண் கம்பிகளைச் சுற்றும் ரிங்குகளை நெருக்கமாகக் கட்டி, முனைகளை 135 டிகிரிக்கு உள்பக்கம் வளைக்க வேண்டும். அனுமதித்த மாடிக்கு மேல் இன்னொன்றை ஏற்றக் கூடாது. வீடு வாங்குபவர் தரையின் டைல்ஸைப் பார்க்கிறார். கான்கிரீட்டுக்குள் மறைந்த ரிங்கைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

1898-இல் பெங்களூரைப் பிளேக் சூறையாடியது. நெரிசலைக் குறைக்க 1910-இல் உருவானதுதான் பிரேசர் டவுன். சாவு கற்பித்த பாடத்தில் பிறந்த பேட்டை இது. அடுத்த பாடத்தைச் சாவு வருமுன்பே கற்றுக்கொள்ள வசதி இருக்கிறது. பூமி எப்போது அசையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அசைந்தால் எந்தத் தூண் நிற்கும் என்பதை இன்றைக்கே ஓர் இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம்.