24 மணி நேரம், மருந்தில்லாமல்

ஜூன் நெருங்குகிறது. டே கேர் சேர்க்கைக் கட்டணத்தோடு மாத இறுதிக்குள் கையெழுத்திட்டுத் தரவேண்டிய உடல்நலப் படிவத்தைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விதியைச் சுற்றி வருகின்றன. காய்ச்சல் கண்ட குழந்தை, காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காத நிலையில் 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகே திரும்ப வரலாம் என்பது அந்த விதி. இந்த 24 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதுதான் குழப்பம். கடைசியாகக் காய்ச்சல் அடித்த நேரத்திலிருந்தா, கடைசி மருந்து கொடுத்த நேரத்திலிருந்தா? கடைசி மருந்தின் வேலை முடிந்த நேரத்திலிருந்து என்பதே விடை. பாராசிட்டமால் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை வேலை செய்யும். திங்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு டே கேரிலிருந்து போன் வருகிறது, இரவு ஒன்பதுக்குக் கடைசி மருந்து கொடுக்கிறீர்கள் என்றால், செவ்வாய் விடிகாலை மூன்று மணிக்குத்தான் கணக்கு தொடங்குகிறது. நடுவில் உடம்பு சுடாமலிருந்தால் புதன் காலை குழந்தை போகலாம். நான்கு மணிக்கு மறுபடி சுட்டால் கணக்கும் மறுபடி முதலிலிருந்து. சாதாரண வைரஸ் காய்ச்சலே இரண்டு மூன்று நாள் இருக்கும் என்பதால், ஒரு காய்ச்சல் ஒரு வாரத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது.

விதியை வகுத்தவர்கள் யோசித்துத்தான் வகுத்திருக்கிறார்கள். பாராசிட்டமால் சூட்டைக் குறைக்குமே தவிர நோயைக் குறைக்காது. மருந்தின் தயவில் 98.6 காட்டும் குழந்தையும் உண்மையிலேயே தேறிவிட்ட குழந்தையும் தெர்மாமீட்டருக்கு ஒன்றுதான். மருந்தை விலக்கிவிட்டு ஒரு நாள் பார் என்று சொல்வதன் மூலம், செலவில்லாமல் வீட்டையே ஒரு கண்காணிப்பு வார்டாக மாற்றுகிறது இந்த விதி. ஆனால் அந்த வார்டில் கண்காணிப்பவர் ஒரே ஒருவர், அவரே சாட்சி. விதி மீறப்பட்டதா என்று டே கேர் வாசலில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நெற்றிக்கு நேரே பிடிக்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டரோ வெயிலில் வண்டியில் வந்த குழந்தைக்கு ஒன்று காட்டும், ஏசி காரில் வந்த குழந்தைக்கு வேறொன்று காட்டும். ஆகவே முழு விதியும் பெற்றவரின், நடைமுறையில் தாயின், வாய்ச்சொல்லை நம்பி நிற்கிறது. அந்தத் தாய் உண்மையைச் சொன்னால் அன்றைய கூலி போய்விடும். உண்மை சொல்பவருக்கு நட்டமும் மறைப்பவருக்கு ஒரு நாள் சம்பளமும் தருகிற விதி இது. நோய்த்தடுப்பு விதி என்ற பெயரில் அச்சிடப்பட்டிருந்தாலும், இதன் தலைவிதியைத் தீர்மானிப்பது அந்தத் தாய்க்கு விடுப்பு இருக்கிறதா என்பதுதான்.

விடுப்பு இல்லாத வீட்டில் என்ன நடக்கும் என்பது டே கேர் நடத்துபவர்கள் எல்லாருக்கும் தெரியும். காலை ஏழு மணிக்கு ஒரு மூடி மருந்து. எட்டரைக்குக் குழந்தை சிரித்தபடி உள்ளே போகிறது. பதினொன்று, பன்னிரண்டுக்கு உடம்பு மறுபடி கொதிக்கிறது. இதில் மற்ற குழந்தைகளுக்குத் தொற்றும் என்பதைவிட உடனடியான ஆபத்து ஒன்று இருக்கிறது; படிவங்கள் அதைப் பேசுவதில்லை. கடைகளில் இந்த மருந்து மூன்று திறன்களில் கிடைக்கிறது: 5 மில்லியில் 125 மில்லிகிராம், 5 மில்லியில் 250 மில்லிகிராம், கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் வேண்டும். முதல் பாட்டிலில் அது 6 மில்லி; இரண்டாவதில் 3 மில்லி; சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. பாட்டில்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வீட்டில் ஏழு மணிக்குக் கொடுத்தது மறைக்கப்பட்டிருந்தால், ஒன்பதரைக்கே குழந்தை முனகத் தொடங்கும்போது டே கேர் ஆயா நல்லெண்ணத்தோடு இன்னொரு வேளை கொடுத்துவிடலாம். இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும் என்ற கட்டுப்பாடு அங்கே உடைகிறது. திறன் மாறிய பாட்டிலாக இருந்துவிட்டால் அளவு இரட்டிப்பாகவும் ஆகிறது. பாராசிட்டமால் அளவு மீறினால் தாக்கப்படுவது கல்லீரல். மறைக்கத் தூண்டும் விதி, நோயோடு சேர்த்து மருந்தையும் ஆபத்தாக்குகிறது.

விடுப்பு எங்கே இருக்கிறது என்று சட்டத்தைப் புரட்டினால் நிலைமை இன்னும் தெளிவாகும். நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நால்வருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இதை அரசு பெருமையோடு சொல்கிறது. அந்தப் பெண்களின் விடுப்பை நெடுங்காலம் ஆண்டது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்தால், 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் அடுத்த ஆண்டு சம்பளத்தோடு விடுப்பு. அதற்கு 15 நாள் முன்னதாக எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. தொழிலாளி தானே நோயுற்றால் மட்டும் அந்த 15 நாள் நிபந்தனைக்கு விலக்கு இருந்தது. குழந்தையின் காய்ச்சல் 15 நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வருவதில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 240ஐ 180 ஆகக் குறைத்தது, அது நல்லதே. குழந்தையின் நோய்க்கென்று தனி விடுப்பு அதிலும் இல்லை. தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐயைப் பாருங்கள். காப்பீடு பெற்ற தொழிலாளியின் குழந்தைக்கு இஎஸ்ஐ மருந்தகத்தில் சிகிச்சை உண்டு. தொழிலாளியே படுத்துவிட்டால் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. குழந்தைக்கு ஊசி போட்டு மருந்து கொடுக்கும் அதே நிறுவனம், அந்தக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அன்றைய நாளுக்காக எதுவும் தருவதில்லை. ஒன்றிய அரசின் பெண் ஊழியர்களுக்கோ பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. கொள்கை அளவில் அரசுக்கு இது புரியாத விஷயமல்ல என்பதற்கு அந்த 730 நாளே சான்று.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்ற, பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தை இங்கே எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் பார்க்கலாம் என்பது அதில் உள்ள நல்ல அம்சம். ஆனால் நலமான குழந்தையைப் பார்க்கத்தான் அந்த நான்கு முறை உதவும். நோயுற்ற குழந்தையைக் காப்பகம் வாசலிலேயே நிறுத்திவிட்டால் பார்க்கப் போவது யாரை? 26 வாரப் பேறுகால விடுப்பில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவர் ஏறக்குறைய நான்கு மாதக் குழந்தையோடு வேலைக்குத் திரும்புகிறார். அரசு அட்டவணைப்படி தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை 9 மாதம் முடிந்த பிறகுதான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குறைந்து, தன் தடுப்பூசி இன்னும் வராத அந்த இடைவெளியில்தான் குழந்தை முதன்முதலாகப் பத்துப் பதினைந்து குழந்தைகளோடு ஒரே அறையில் படுக்கிறது. முதல் ஆண்டில் மாதாமாதம் சளி, காய்ச்சல் வருவது டே கேரின் குற்றமும் அல்ல, தாயின் கவனக்குறைவும் அல்ல. இரண்டு வயதுக்குள் ஆண்டுக்கு எட்டு பத்துச் சளி என்பது குழந்தை மருத்துவர்கள் இயல்பென்று சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கை 24 மணி நேர விதியோடு பெருக்கிப் பார்த்தால், சட்டம் தரும் விடுப்பு சில மாதங்களிலேயே தீர்ந்துவிடும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மற்ற குழந்தைகளின் பெற்றோர் கேட்கிறார்கள்: உங்கள் விடுப்புப் பிரச்சினைக்கு என் குழந்தை ஏன் நோயை வாங்க வேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால் காய்ச்சல் கண்ட குழந்தையை விலக்கிவைத்தால் தொற்று நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு நோய்களே ஒத்துழைப்பதில்லை. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். தட்டம்மை, தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவும். கை, கால், வாய் நோயை உண்டாக்கும் வைரஸ், குழந்தை தேறி ஓடியாடத் தொடங்கிய பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். 2022 மே மாதம் கொல்லத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று செய்தி வந்ததும் வாளையாறு எல்லையில் நம் சுகாதாரத் துறையினர் காய்ச்சலும் தடிப்பும் இருக்கிறதா என்று பயணிகளைச் சோதித்தார்கள். அது கை, கால், வாய் நோயின் ஒரு வகையாகத் தெரிகிறது என்று ஒன்றிய சுகாதார அமைச்சகமே அந்த ஆகஸ்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது. சோதனைச்சாவடியில் பிடிபடக்கூடிய நோய் அல்ல அது. தொற்றை உண்மையில் குறைப்பது வேறு இடத்தில் இருக்கிறது. குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, சோப்புப் போட்டுக் கைகழுவும் பழக்கத்தை முறையாக நடைமுறைப்படுத்தினால் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்கிறது. ஆகவே பெற்றோர் கேட்க வேண்டியது, டயப்பர் மாற்றும் மேசை எங்கே, பால் கலக்கும் மேடை எங்கே, இரண்டுக்கும் நடுவில் குழாயும் சோப்பும் இருக்கிறதா என்பதையே. பல விளம்பரங்களில் வரும் ‘நோயற்ற சூழல்’ என்ற வாக்குறுதியை எந்தக் காப்பகமும் காப்பாற்ற முடியாது. அதை எழுதும் காப்பகத்தை நான் கூடுதல் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இதனால் விதியே வேண்டாம் என்று ஆகிவிடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் வைத்திருக்கும் அளவுகோல் நம் படிவங்களைவிடத் தெளிவானது: குழந்தையால் வழக்கமான விளையாட்டில் கலந்துகொள்ள முடியவில்லையா, மற்ற குழந்தைகளின் பாதுகாப்பைக் குலைக்காமல் ஊழியர்களால் அதைக் கவனிக்க முடியாதா, குறிப்பிட்ட ஆபத்தான தொற்றா? இவற்றில் ஒன்று இருந்தால் வீட்டுக்கு அனுப்பலாம். துவண்டு கிடக்கும் குழந்தைக்கு ஒரு மடி வேண்டும். பத்துக் குழந்தைகளைப் பார்க்கும் ஆயாவால் அதைத் தர முடியாது. 24 மணி நேர ஓய்வுக்கான உண்மையான காரணம் அந்தக் குழந்தையின் தேவைதான். அப்படிப் பார்த்தால் அந்த நாளுக்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வியைத் தவிர்க்கவே முடியாது.

விடுப்பு கொடுத்தால் பொய் சொல்லி எடுப்பார்கள் என்பது முதலாளிகள் வைக்கும் மறுப்பு. கொடுத்துப் பார்த்த நாடுகள் இருக்கின்றன. ஸ்வீடனில் 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நோய்க்காக ஆண்டுக்கு 120 நாள் வரை, ஏறக்குறைய 80 விழுக்காடு சம்பளம் சமூகக் காப்பீட்டிலிருந்து வருகிறது. மருத்துவச் சான்று எட்டாவது நாளிலிருந்துதான் கேட்கப்படும். ஜெர்மனியில் 2024, 2025 ஆண்டுகளில் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் குழந்தைக்கு 15 நாள், தனித்து வளர்ப்பவருக்கு 30 நாள். சிங்கப்பூரில் 7 வயதுக்குட்பட்ட குடியுரிமை பெற்ற குழந்தையின் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள். அவை வசதியான நாடுகள் என்பது உண்மை. ஆனால் சம்பளத்தில் பிடித்தம் செய்து காப்பீடு நடத்தும் அமைப்பு நம்மிடமும் இருக்கிறது. அதன் பெயர் இஎஸ்ஐ. தொழிலாளியின் நோய்க்கென்று வைத்திருக்கும் 91 நாளில் ஆறு நாளைக் குழந்தையின் நோய்க்கும் பயன்படுத்தலாம் என்று விதியில் ஒரு திருத்தம் செய்தால் போதும். தந்தையும் அதை எடுக்கலாம் என்று எழுதினால், டே கேரிலிருந்து வரும் போன் எப்போதும் தாயின் போனுக்கே வரும் வழக்கமும் மாறத் தொடங்கும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. மருத்துவரிடம் ‘நலச் சான்று’ வாங்கி வரச் சொல்கிறார்களே? சாதாரணக் காய்ச்சலுக்கு அது தேவையில்லை. கன்சல்டிங் ஃபீஸ்தான் மிச்சம், வைரஸ் போய்விட்டதா என்று பார்வையில் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. மெட்ராஸ் ஐ? காய்ச்சல் இல்லாமல், குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் விலக்க வேண்டியதில்லை என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. துண்டும் தலையணையும் தனியாக இருக்கட்டும். பேன்? மாலையில் வீட்டுக்குப் போய்ச் சீவினால் போதும். சின்னம்மை? தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டோமா என்பதைவிட, எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டிவிட்டதா என்று பாருங்கள், அதுவரை வீடுதான். பொன்னுக்கு வீங்கி? வீக்கம் தொடங்கி ஐந்து நாள் வீட்டில். அரசின் இலவசத் தடுப்பூசியில் இதற்கான மருந்து இல்லை, ஆகவே அட்டை நிரம்பியிருந்தாலும் வரலாம். டெங்கு? ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்கு நேரடியாகத் தொற்றாது. டே கேர் மாடியில் மூடாத தொட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சட்டம் மாறும்வரை, படிவத்தில் கையெழுத்திடும் முன் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். காலையில் கொடுத்த மருந்தின் பெயர், திறன், அளவு, நேரம் ஆகியவற்றை எழுத வாசலில் ஒரு நோட்டு. உண்மையை எழுதியவரின் குழந்தையை உடனே திருப்பி அனுப்பாமல், பெற்றவர் வேலையிடத்தில் சொல்லிவிட்டு வரும்வரை படுக்கவைக்கத் தனியே ஒரு பாய். டே கேர் நடத்துபவர்களே, இந்த இரண்டுக்கும் பெரிய செலவில்லை. பெற்றோரே, பாட்டில் எதுவானாலும், விடுப்பு இல்லாவிட்டாலும், ஏழு மணி மருந்தை மட்டும் மறைக்காதீர்கள்.