பத்து மடங்கு விலை கொடுத்தால் படம் பத்து மடங்கு அழகாகுமா?
கல்லாற்றங்கரையில் ஒரு லென்ஸ் பரீட்சை

தம்பானூரிலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் பஸ்சில் ஏறினால், மலை ஏற்றம் தொடங்கும் இடத்தில் கல்லாறு வரும். பெயருக்கேற்ற ஆறுதான். உருண்டை உருண்டையாகக் கற்கள், அவற்றுக்கு நடுவே தெளிந்த தண்ணீர், இரு கரையிலும் வெயிலை உள்ளே விடாத மரங்கள். இங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் புது மணத் தம்பதிகளையும், அவர்களுக்குப் பின்னால் கேமராவும் குடையும் ஸ்டாண்டும் சுமந்து வரும் பையன்களையும் பார்க்கலாம். கல்யாணத்துக்கு மறுவாரம் ஆற்றங்கரையில் நின்று படம் எடுத்துக்கொள்வது இப்போது சடங்குகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

அப்படி வந்த கோஷ்டிகளில் ஒன்று, சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நாகர்கோவில்காரர் ஒருவருடையது. கூட வந்தவர் அவரிடம் வேலை பார்க்கும் தென்காசிப் பக்கத்து இளைஞர். வழக்கமான வேலைதான். ஆனால் அன்று அவர்கள் பையில் புதிதாக ஒரு சாமான் இருந்தது. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்த, விலை உயர்ந்த லென்ஸ்.

இளைஞருக்கு அதைத் தவணையில் வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. இரண்டு வருஷத் தவணை. ஊரில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சம்பளத்தில் பாதி ஏற்கெனவே மணியார்டராகப் போன காலம் மாறி, இப்போது செல்போன் வழியாகப் போகிறது. போவது என்னவோ அதே பாதிதான். "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாத்துரு மக்கா. லென்ஸ் ஓடிப் போவாது" என்று சொன்னவர் முதலாளி.

ஜூம் இல்லாத லென்ஸ்

இது பிரைம் லென்ஸ் எனப்படும் ரகம். ஜூம் செய்ய முடியாது. கிட்டே வேண்டுமானால் எடுப்பவர்தான் கிட்டே போக வேண்டும். அதற்குப் பதிலாக, லென்சின் வாய் அகலமாகத் திறக்கும். மங்கிய வெளிச்சத்திலும் படம் விழும். பின்னணி புகை போலக் கலைந்து, ஆள் மட்டும் தெளிவாகத் தெரிவார். எத்தனை அகலம் என்பதைத்தான் எஃப் எண் சொல்கிறது. எண் சிறிதானால் திறப்பு பெரிது.

பிரைம் லென்சுகளில் மிகப் பழகியது 50 மில்லிமீட்டர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெசோன், தம் வாழ்நாளில் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்சைத்தான் நம்பியிருந்தார்.

கேனன் கம்பெனியின் இப்போதைய ஆர்.எஃப். வரிசையையே எடுத்துக்கொள்வோம். அதில் எஃப் 1.8 திறப்புள்ள 50 மி.மீ. லென்ஸ் 2020ல் வந்தது. அப்போதைய விலை 199 டாலர், எடை 160 கிராம், உள்ளே ஆறு வில்லைகள். அதே நீளத்தில் எஃப் 1.2 திறப்புள்ள லென்ஸ் 2018ல் வந்தது. அப்போதைய விலை 2,299 டாலர், எடை 950 கிராம், வில்லைகள் பதினைந்து. நம் ஊர் விலையிலும் இடைவெளி கிட்டத்தட்ட இதே விகிதம்தான். ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். மற்றதைக் கழுத்தில் மாட்டினால் ஒரு கிலோ அரிசியைத் தொங்கவிட்ட மாதிரி.

பெரிய லென்ஸ் எவ்வளவு கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது? கணக்குப் போட்டால் இரண்டேகால் மடங்கு. கேமராவில் ஐ.எஸ்.ஓ. 3200 வைக்க வேண்டிய மர நிழலில் 1400 வைத்தால் போதும். பிலிம் காலத்தில் இது பொன்னான வித்தியாசம். அன்றைக்குச் சாதாரணக் கடையில் கிடைத்தது 100, மிஞ்சினால் 400 பிலிம். மங்கிய கல்யாண மண்டபத்தில் அகலத் திறப்பு இல்லையென்றால் பிளாஷ் ஒன்றுதான் கதி. இன்றைய கேமராக்கள் 3200ல் எடுத்த படத்தை 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் அச்சடித்தால், புள்ளி தெரிகிறதா என்று கல்யாண வீட்டார் யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை.

மாப்பிள்ளை மங்கிப் போனார்

முதலாளியின் பெரிய சென்சார் கேமராவில் இரண்டு லென்சையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே ஜோடியை ஒரே மரத்தடியில் எடுத்தார்கள். பெண்ணைத் தனியாக எடுத்தபோது பெரிய லென்ஸ் தன் விலையைக் காட்டியது. பின்னால் இருந்த இலைகளெல்லாம் வெண்ணெய் போல உருகின. ஓரங்கள்கூடத் துல்லியம். மலிவு லென்சில், முழுத் திறப்பில் ஓரங்கள் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தன. இரண்டையும் எஃப் 2.8க்கு மூடி எடுத்தபோது எது எதில் எடுத்தது என்று இளைஞர் ஒருமுறை தப்பாகச் சொன்னார்.

ஜோடியாக நிறுத்தியதும் கதை மாறியது. ஐந்தடி தூரத்தில் எஃப் 1.2ல் தெளிவாக விழும் ஆழம் சுமார் இரண்டரை அங்குலம். எஃப் 1.8ல் ஏறக்குறைய நான்கு அங்குலம். மாப்பிள்ளை அரையடி பின்னால் நின்றார். பெண்ணின் கண்ணிமை எண்ணிவிடலாம். அவர் முகம் மட்டும் மூடுபனிக்குள் போய்விட்டது. "இந்தப் படத்தைக் கொடுத்தா மாப்பிள்ளை வீட்டுல காசு தருவானா?" என்றார் முதலாளி. கடைசியில் எஃப் 4 வைத்து எடுத்ததுதான் ஆல்பத்துக்குத் தேறியது. எஃப் 4 வைக்க எஃப் 1.2 லென்ஸ் எதற்கு?

தண்ணீரை வெள்ளைப் பட்டாக எடுக்கிறார்களே, அதற்கும் இந்தப் பெரிய திறப்பு உதவாது. ஸ்டாண்டில் கேமராவை வைத்து, திறப்பை எஃப் 8, 11 என்று மூடி, அரை வினாடி விட வேண்டும். அந்த இடத்தில் இரண்டு லென்சும் ஒன்றுதான்.

பின்னால் போகும் கால்

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று, இளைஞர் தம் சொந்தக் கேமராவில் லென்சை மாட்டியபோது வெளிப்பட்டது. அவருடையது சிறிய சென்சார் கேமரா. அதில் 50 மி.மீ. லென்ஸ், விலை எதுவானாலும், 80 மி.மீ. போலத்தான் நடந்துகொள்ளும். ஜோடியைத் தலை முதல் கால் வரை எடுக்க, பெரிய சென்சாரில் பதினோரு அடி தள்ளி நின்றால் போதும். இவர் பதினெட்டு அடி போக வேண்டும்.

ஸ்டூடியோவில் பதினெட்டு அடி பின்னால் போவது வேறு; கல்லாற்றில் போவது வேறு. பாசி பிடித்த கல். கண் வியூபைண்டரில். கால் எங்கே படுகிறது என்று தெரியாது. சற்றுத் தள்ளியிருக்கும் வட்டக்கயம் என்ற சுழல் பல உயிர்களைக் கொண்டுபோன இடம். மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் திடீரென்று ஏறும். இளைஞர் இரண்டு அடி பின்னால் வைத்ததுமே முதலாளி அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

"அண்ணாச்சி, அப்ப எனக்கு 50ஏ தோதில்லையா?"

"ஒரு முகம் எடுக்கத் தோதுதான். ஆறு மாசமா 1.2ஆ 1.8ஆன்னு ராத்திரி தூங்காம கெடந்தியே, கேமராவுக்கு எத்தனை மில்லிமீட்டர்னு ஒரு நாளாவது கேட்டியா?"

அவர் கேமராவுக்குப் பொருந்துவது 35 மி.மீ. ஏறக்குறைய பன்னிரண்டு அடியில் ஜோடி முழுதாக விழும். இதே வரிசையில் எஃப் 1.8 திறப்புடன் அது இருக்கிறது. மலிவு 50ஐப் போல இரண்டரை மடங்கு விலை. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உண்டு. மிகக் கிட்டே போய் மோதிரம், தாலி எடுக்கவும் ஆகும். பெரிய லென்சின் தவணைப் பணத்தில் நாலைந்து மாதத்திலேயே கணக்குத் தீர்ந்துவிடும்.

பூஞ்சை விலை பார்ப்பதில்லை

பெரிய லென்சுக்கு ஒரு வலுவான நியாயம் உண்டு. தூசியும் தூறலும் உள்ளே போகாமல் ரப்பர் தடுப்பு வைத்திருக்கிறார்கள். பொன்முடி உச்சியில் பனி மேகம் மேலே வந்து கவியும்போது அது உதவும். மலிவு லென்சில் அந்தத் தடுப்பு கிடையாது. சொந்தமாகக் கல்யாண ஆர்டர் பிடித்து, அதிகாலை முகூர்த்தமும் கோயில் உள் மண்டபமுமாக மாதம் நாலைந்து எடுப்பவர் அந்த லென்சைத் தாராளமாக வாங்கலாம். அது சம்பாதித்துக் கொடுத்துவிடும். மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் உதவியாளர் வாங்கினால், லென்ஸ் சம்பாதிப்பது முதலாளிக்குத்தான். இதை அந்த முதலாளியே சொன்னார் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

ஆனால் மலையாள நாட்டு ஈரம் ரப்பர் தடுப்போடு நின்றுவிடாது. கல்லாற்றில் நனைந்த பையை அப்படியே மூடி அறை மூலையில் போட்டால், ஒரு மழைக்காலத்துக்குள் வில்லையில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படரும். 199 டாலர் லென்ஸ், 2,299 டாலர் லென்ஸ் என்று அது பார்ப்பதில்லை. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் மர அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு லென்சைக் காப்பார்கள். இன்றைக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு பிடி சிலிகா ஜெல்லும் போதும். நீலக் கல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். வறுத்த வாணலியில் அப்புறம் சமைக்கக் கூடாது.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. டார்ச் விளக்கை லென்சின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் சாய்வாகப் பார்த்தால், நூலும் புகையும் தெரிந்துவிடும். பகல் வெளிச்சத்தில் கடைக்காரர் கையில் வைத்துக் காட்டும்போது எதுவும் தெரியாது.

வாடகை லென்ஸ் திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் திரும்பிப் போயிற்று. தவணைக்காக எடுத்து வைத்திருந்த சம்பளச் சீட்டு நகல்கள் டிரங்குப் பெட்டிக்கே போய்விட்டன. பழைய 35 மி.மீ. ஏதாவது வந்தால் சொல்லும்படி இரண்டு கடைகளில் இளைஞர் சொல்லி வைத்திருக்கிறார். டார்ச் விளக்கு மட்டும் சாலையில் அன்றைக்கே வாங்கியாகிவிட்டது.