உஷார்! ‘ஒரு கையெழுத்துதானுங்களே’

மாரியம்மன் பூச்சாட்டு நெருங்கினாலே சேலம், நாமக்கல் பக்கத்துத் தாலுக்கா ஆபீஸ்களில் இன்னொன்றும் நெருங்கிவிடும்: அமைதிப் பேச்சுவார்த்தை. கோயிலுக்குள் யார் வரலாம், தேர் எந்தத் தெரு வரைக்கும் போகும் என்று தகராறு. இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். டீ வரும். பின்னாலேயே ஒரு தாள் வரும். “ஒரு கையெழுத்துதானுங்களே, போட்டுட்டுப் போயிருங்க.”

போட்டுவிடாதீர்கள்!

போட்டால் என்ன ஆகும்? நாமக்கல்லில் நடந்ததைப் பாருங்கள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் வந்தது 2010இல். நாலு வருஷம் யாருக்கும் மனசு புண்படவில்லை. 2014 கடைசியில் சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து விநியோகித்தார்கள், புத்தகத்தை எரித்தார்கள். அடுத்து திருச்செங்கோட்டில் கடையடைப்பு. (அன்றைக்கு ஜெராக்ஸ். இன்றைக்கு ஊர் வாட்ஸாப் குரூப்புக்கு அரை நிமிஷம் போதும்.) 2015 ஜனவரி 12 அன்று ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை. நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்துவிட்டு அவர் ஒதுங்கினார். ஒன்றரை வருஷம் கழித்து, 2016 ஜூலை 5 அன்று, அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். ஊரறிந்த எழுத்தாளருக்கே அந்தக் கதி. கூலிக்குப் போகிறவர் பாடு?

கூட்டம் வெளியே நிற்க, தனியாள் உள்ளே பணிந்துபோவதற்கு நம்மூரில் ‘அமைதி’ என்று பேர் வைத்திருக்கிறோம். கூட்டம் தரும் இந்த நெருக்கடி லேசானதல்ல. சாதி ஆணவத்துக்குப் பலியான தலித் இளைஞர் கோகுல்ராஜின் கொலை வழக்கு விசாரணையையே நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வேண்டியிருந்தது; 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்ததும் அங்கேதான்.

அதனால் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். தாளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், நகல் கேளுங்கள், “வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்” என்று எழுந்துவிடுங்கள். சட்டப்படி நன்னடத்தைப் பத்திரம் கேட்பதென்றால் காரணம் காட்டி எழுத்தில் உத்தரவு வர வேண்டும். வாய்வார்த்தை மிரட்டல் அதில் சேராது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு, ஊரில் சமாதானம் எழுதிக்கொடுத்ததாலேயே முடிந்துவிடாது. வக்கீலுக்குக் காசில்லையா? சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100க்குப் போன் போடுங்கள். பட்டியலினத்தவருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

வெற்றுத்தாளை நீட்டினால்? டீயைக்கூடத் தொடாமல் கிளம்பிவிடுங்கள்.