பருவத்துக்கு ஓர் இலக்கு: வாழ்க்கைப் பாவனை விளையாட்டில் ஆயுளைத் திட்டமிடல்

வாழ்க்கைப் பாவனை விளையாட்டு என்பது கணினிக்குள் ஒரு மனிதரையோ குடும்பத்தையோ வாழவைக்கும் விளையாட்டு. அதில் எதிரி இல்லை, இறுதிக் கட்டம் இல்லை, வெற்றியை அறிவிக்கும் திரையும் இல்லை. பாத்திரத்துக்குப் பசிக்கும், தூக்கம் வரும், பேச்சுத் துணை தேவைப்படும். அது வேலைக்குப் போகும், மணம் முடிக்கும், முதுமை எய்தி இறக்கும். இந்தத் தேவைகளை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தால் ஆட்டம் முடிவின்றி நீண்டு, சில வாரங்களில் சலித்துவிடும். அதனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு வாழ்க்கைப் பருவத்துக்கும் தாமே ஓர் இலக்கை வகுத்துக்கொள்கிறார்கள்.

வாழ்க்கையை ஆட்டமாக்கும் எண்ணம் கணினிக்கு மிக முந்தியது. வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்படும் பரமபதத்தில் நற்குணம் ஏணியாகவும் தீக்குணம் பாம்பாகவும் நிற்கும். உச்சிக் கட்டம் மோட்சம். அமெரிக்காவில் மில்டன் பிராட்லி 1860இல் வெளியிட்ட பலகை ஆட்டம் குழந்தைப் பருவத்தில் தொடங்கி இன்பமான முதுமையை நோக்கிச் சென்றது. எது நல்ல வாழ்வு என்பதை இரண்டிலும் பலகையே முன்கூட்டித் தீர்மானித்திருந்தது. அந்தத் தீர்மானத்தை ஆடுபவரிடம் விட்டது 2000 பெப்ரவரியில் வெளிவந்த 'த சிம்ஸ்'. அதை வடிவமைத்த வில் ரைட், 1991இல் ஓக்லண்ட் மலைப்பகுதியில் பரவிய தீயில் தம் வீட்டை இழந்தவர். வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக மீண்டும் சேர்க்க நேர்ந்த அனுபவமே இந்த விளையாட்டுக்கு வித்தானது.

முதல் 'சிம்ஸ்' விளையாட்டில் வளர்ந்தவர்களுக்கு வயதாகாது. சிறுவர் என்றைக்கும் சிறுவரே. 2004இல் வந்த இரண்டாம் பதிப்புதான் பருவங்களையும் முதுமையையும் கொண்டுவந்தது. பாத்திரம் பதின்பருவத்தை அடைந்ததும் செல்வம், அறிவு, குடும்பம், காதல், புகழ் ஆகியவற்றுள் ஒன்றை வாழ்க்கை நாட்டமாகத் தேர்ந்தெடுக்கும் வழியும் அதில் வந்தது. இலக்கு வைத்து ஆடுவதற்கு உண்மையான தொடக்கம் இதுவே. முதுமை இல்லாத ஆட்டத்தில் எதையும் நாளைக்குத் தள்ளிப்போடலாம். ஆயுளுக்கு எல்லை வந்தபின் தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு.

2014இல் வெளியான நான்காம் பதிப்பின் அடிப்படை விளையாட்டு 2022 ஒக்டோபர் முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் கைக்குழந்தை, தளர்நடைக் குழந்தை, சிறுவர், பதின்பருவத்தினர், இளைஞர், நடுவயதினர், முதியவர் என்று பருவங்கள் தொடர்கின்றன. சாதாரண வேகத்தில் விளையாட்டின் ஒரு நாள் நிஜத்தில் ஏறத்தாழ 24 நிமிடம். வேலை, உறக்கம், சமையல், குளியல் போக எஞ்சுவது சில மணி நேரமே. அந்த நேரத்தை ஓவியத்துக்குக் கொடுத்தால் நட்பு குறையும். நட்புக்குக் கொடுத்தால் பதவி உயர்வு தாமதமாகும். ஆகவே இலக்கு வகுப்பது பெரும்பாலும் நாட்களைப் பங்கிடும் வேலைதான்.

சில வாய்ப்புகள் ஒரு பருவத்துக்கு மட்டுமே உரியவை. அடிப்படை விளையாட்டில் கலை, உடலாற்றல், பழகும் திறன், அறிவு என நான்கு நாட்டங்கள் சிறுவருக்கென்றே உள்ளன. ஒன்றை முடித்தால் கிடைக்கும் நற்பண்பு வாழ்நாள் முழுவதும் நிலைக்கும். பதின்பருவம் தொடங்கிவிட்டால் அவற்றை முடிக்க வழியில்லை. தளர்நடைக் குழந்தை நடை, பேச்சு, சிந்தனை, கற்பனை ஆகியவற்றில் தேறுவதற்கும் இப்படியே காலக்கெடு உண்டு. திட்டமிடும்போது இந்த மீளாத வாய்ப்புகளை முதலில் குறித்துக்கொள்வது நல்லது.

ஆயினும் இயந்திரம் எண்ணக்கூடியது திறன்நிலையையும் பணத்தையும் பதவியையும் உறவளவையும்தான். சொந்த இலக்கின் அருமை, இயந்திரம் எண்ணாத இடத்தில் தொடங்குகிறது. மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் ஏ9 வீதியிலுள்ள நாவுலவை மனத்தில் வைத்து ஒரு குடும்பம் அமைக்கப்படுவதாகக் கொள்வோம்: அம்மம்மா, தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள், பின்வளவில் தோட்டம். விளையாட்டில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை இல்லை. அதற்கு ஈடாக, மூத்த பிள்ளை பதின்பருவத்தை எட்டுமுன் பாடசாலையில் 'ஏ' தரம் பெற வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். உயர்தரப் பருவத்துக்கு, ஏதேனும் இரண்டு திறன்களை இடைவிடாது பயில்வதோடு மாலையில் தோட்ட வேலைக்கு உதவுவதும் இலக்காகலாம். தந்தையின் நடுவயது இலக்கு தோட்ட வருவாயில் மட்டும் ஓர் அறை கட்டுவது. 2018இல் வந்த பருவகாலத் தொகுப்பும் கைவசம் இருந்தால், வழக்கமாக ஏழு நாள் நீளும் நான்கு பருவங்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெரும்போகம், சிறுபோகம் எனக் கணக்கிடலாம். பனிக்காலத்தில் வெளியே பெரும்பாலான செடிகள் விளைச்சல் தராமல் ஓய்ந்திருக்கும். நாவுலவில் அப்படி ஒரு காலம் இல்லை என்பதால், அந்த நாட்களைத் திருமண ஏற்பாட்டுக்கோ வீடு திருத்துவதற்கோ ஒதுக்குவது பொருந்தும்.

அம்மம்மாவின் இலக்குதான் இவற்றில் மிக அழகானது: பேரப்பிள்ளைகள் இருவருக்கும் தம் சமையலைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். அதற்கு விளையாட்டு புள்ளி எதுவும் தராது. முதியவருக்கு எத்தனை நாள் மிச்சம் என்பதும் உறுதியில்லை. ஆனால் ஒவ்வொரு மாலையும் சமையலறையில் யார் நிற்கிறார்கள் என்பது அன்றுமுதல் ஆடுபவருக்கு முக்கியமாகிவிடுகிறது.

நல்ல இலக்கு நிறைவேறியதா இல்லையா என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும். 'மகிழ்ச்சியாக வாழ்தல்' அப்படிப்பட்டதன்று. 'மணமாகுமுன் மூன்று உற்ற நண்பர்களைப் பெறுதல்' அப்படிப்பட்டது. பாத்திரத்தின் இயல்போடும் அது ஒட்ட வேண்டும். தனிமை விரும்பியிடம் ஊர்த் தலைமையை எதிர்பார்ப்பது வீண். பருவத்துக்கு ஒரு பெரிய இலக்கும் ஒன்றிரண்டு சிறியவையும் போதும். அதற்கு மேற்பட்டால் பாத்திரம் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், ஆடுபவருக்கு அதைப் பார்த்து நிற்க நேரமிராது.

இலக்கு தவறினால் பழைய சேமிப்புக்குத் திரும்பி அதே நாளை மறுபடி ஆடும் வழக்கம் பலரிடம் உண்டு. அதைத் தவிர்ப்பதே சிறந்தது. தாய் எழுத நினைத்து எழுதாமல் விட்ட புத்தகம் மகளின் இலக்காக மாறும்போதுதான் ஆட்டம் தலைமுறைக் கதையாகிறது. ஒரே குடும்பத்தைப் பத்துத் தலைமுறை ஆடும் மரபு ஆட்டக்காரரிடையே வேரூன்றியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புதிதாகத் தொடங்குவோர் ஆயுள் அமைப்பை 'நீண்டது' என்று வைத்து ஒரு தலைமுறையை முடித்துவிட்டு, அடுத்த தலைமுறையில் 'சாதாரணம்' என்று மாற்றிக்கொள்ளலாம். முதுமையை முற்றாக நிறுத்திவைக்கும் தெரிவும் அமைப்புப் பட்டியலில் இருக்கிறது. பருவ இலக்குகளோடு ஆடுவோர் அதைப் பயன்படுத்தக் கூடாது.