செம்மறி வளர்க்கத் தொடங்குவோர் எந்த ஜாதியைத் தேர்ந்தெடுத்தல் நலம்?

இராயபுரத்துத் துறைமுகத்திலும், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளிலும் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர்களில் சிலர், பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கங்களிலுள்ள தங்கள் பூர்வீக நிலத்திற்குத் திரும்புகின்றனர். ஓரிரண்டு ஏக்கர் நிலமும் கையில் ஒரு தொகையும் உள்ள இவர்கள் முதலில் நினைப்பது ஆடு வளர்ப்பையே. நெடுங்காலமாக நெல் பயிரிட்டு வரும் சிறு குடியானவர்களும் துணைத் தொழிலாக இதனையே நாடுகின்றனர். இவ்வெண்ணம் நல்லதே. எனினும், முதல் வருஷத்தில் போட்ட பணம் நிற்பதும் கரைவதும் பெரும்பாலும் முதல் நாளில் வாங்கும் ஆட்டின் ஜாதியையும் தரத்தையும் பொறுத்தன. ஆகையால் அதனைப் பற்றிச் சற்று விரிவாக இங்கே எழுதப்படுகிறது.

ஜாதி ஆடு என்பது யாது?

உயரமும் கொழுப்பும் உள்ள ஆடெல்லாம் ஜாதி ஆடு என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. ஒரே நிறம், ஒரே அமைப்பு, ஒரே குணம் ஆகியவை தாய் தந்தையரிடமிருந்து குட்டிகளுக்குத் தவறாமல் இறங்கி வருமாயின் அதுவே ஜாதி. அவ்வாறு இறங்கி வருவதை எழுத்து மூலமாகக் காட்டுவது வம்சாவளிப் பதிவு.

இங்கிலாந்து தேசத்தில் லெஸ்டர் கோட்டத்து டிஷ்லி என்னும் ஊரில் 1725 முதல் 1795 வரை வாழ்ந்த இராபர்ட் பேக்வெல் என்ற குடியானவர் இம்முறைக்கு வழிகாட்டியவர். அவர் தமது கிடாக்களைப் பிறருக்கு வாடகைக்கு விட்டு, அவற்றிற்குப் பிறந்த குட்டிகள் எவ்வாறு வளர்கின்றன என்று கவனித்து, நல்ல குட்டிகளைத் தந்த கிடாவையே தம் மந்தைக்கு வைத்துக்கொண்டார். கிடாவின் அழகைக் கொண்டன்றி அதன் குட்டிகளைக் கொண்டு கிடாவை மதிப்பிட்டதே அவர் செய்த காரியம்.

நம் நாட்டில் சந்தையில் விற்கும் ஆட்டிற்கு அத்தகைய பதிவு கிடையாது. 1984-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு இப்போது கர்னாலிலுள்ள தேசிய விலங்கின மரபு வளப் பணியகம் நாட்டு ஜாதிகளை இனங்கண்டு பதிவு செய்கிறது. தனித்தனி ஆட்டின் வம்சாவளியோ அரசினர் ஆராய்ச்சிப் பண்ணைகளின் ஏடுகளில்தான் உள்ளது. ஆகவே ஜாதிப் பெயரைச் சொல்லி அதிக விலை கேட்கும் தரகரிடம், "இதன் தாய் எது, தகப்பன் எது? எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்பது வாங்குவோரின் உரிமை.

நம் மண்ணின் ஆடு

சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஜில்லாக்களுக்கு உரிய ஜாதி சென்னைச் சிவப்பு. இதனையே மெட்ராஸ் ரெட் என்றும் சொல்வர். உடல் செந்நிறமாகவோ பழுப்பு நிறமாகவோ இருக்கும். சிலவற்றிற்கு நெற்றியிலும் உட்தொடையிலும் அடிவயிற்றிலும் வெள்ளை காணப்படும். காதுகள் நடுத்தர நீளமாய்த் தொங்கும், வால் குட்டை. கிடாவுக்கு வரிகளோடு முறுக்கிய வலிய கொம்பு உண்டு, பெட்டைக்குக் கொம்பில்லை. உடம்பில் கம்பளமின்றிக் குட்டை மயிரே இருப்பதால், கடற்கரை வெப்பத்தைத் தாங்கும். வளர்ந்த கிடா சுமார் 35 கிலோவும் பெட்டை சுமார் 23 முதல் 25 கிலோவும் நிற்கும். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே.

மேச்சேரி ஜாதி சேலம், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்தது. இளம்பழுப்பு நிறம், கிடாவுக்கும் கொம்பில்லை. இதன் தோல் மிக உயர்ந்த தரமுடையதென்று தோல் வியாபாரிகள் மதிக்கின்றனர். பொட்டனேரியில் 1978 முதல் இதற்கென ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. வறண்ட மேட்டு நிலத்தில் பழகிய ஆடு இது. வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை ஆகியவை தென் ஜில்லாக்களுக்கு ஏற்றவை. நீலகிரி ஜாதியோ மலைக் குளிருக்கு உரிய கம்பள ஆடு; 19-ஆம் நூற்றாண்டில் அயல்நாட்டு மெரினோ முதலியவற்றின் கலப்பால் உண்டானது. எண்ணூர்க் கடற்கரையில் அதற்கு இடமில்லை.

நெல்லூர் ஆட்டின் கவர்ச்சி

நம் பக்கத்தில் தொடங்குவோரை மயக்குவது நெல்லூர் ஜாதி. ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் கும்மிடிப்பூண்டி வழியாக எளிதில் வந்து சேரும். இந்தியச் செம்மறிகளில் மிக உயரமானது; பார்வைக்குக் கம்பீரம் உடையது. அது நல்ல ஜாதியே என்பதில் ஐயமில்லை. பரந்த மேய்ச்சலில் நெடுந்தூரம் நடந்து மேய்க்கும் மந்தைக்காரருக்கு அது ஏற்கும். சிறு நிலக்காரருக்கோ கணக்கு வேறு.

நெல்லூர்க் கிடாவின் எடை சுமார் 36 கிலோ; சென்னைச் சிவப்புக் கிடாவின் எடைக்கும் இதற்கும் வித்தியாசம் அற்பம். பெட்டையின் எடையோ நெல்லூரில் சுமார் 30 கிலோ. செம்மறி தன் எடையில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு உலர் தீவனம் தினமும் உண்ணும். ஆகவே 10 நெல்லூர்ப் பெட்டைகளுக்கு வேண்டிய தீவனம் சுமார் 12 சென்னைச் சிவப்புப் பெட்டைகளுக்குப் போதும். வருஷத்திற்கு ஒரு பெட்டை ஒரு குட்டி ஈனுமென்று வைத்துக்கொண்டால், அதே நிலத்தில் இரண்டு குட்டிகள் கூடுதலாகக் கிடைக்கும். மேய்ச்சல் தரை ஆண்டுக்காண்டு குறைந்து வரும் இப்பகுதியில் இவ்விரண்டு குட்டிகளே லாபமாகும்.

சென்னைச் சிவப்புப் பெட்டைக்கு நெல்லூர்க் கிடாவைச் சேர்த்துப் பெரிய குட்டி எடுக்கலாமே என்று கேட்பவர் உண்டு. முதற்கலப்பில் பிறக்கும் கிடாக் குட்டியை இறைச்சிக்கு விற்பதில் தீங்கில்லை. அக்கலப்புப் பெட்டைகளையே தாயாக வைத்து மேலும் மேலும் கலந்தால் நாலைந்து வருஷத்தில் மந்தை ஒரே சீராய் இராது. நாட்டு ஜாதியும் கிராமத்திலிருந்து மறையும். ஒரு முறை கலைந்த ஜாதியைத் திரும்பச் சேர்ப்பது எளிதன்று. ஆகையால் தொடங்குவோர் சென்னைச் சிவப்பையே தூயதாக வைத்திருப்பது நலம்.

எங்கே, எப்படி வாங்குவது?

காட்டுப்பாக்கத்திலுள்ள ஆராய்ச்சி நிலையம் சென்னைச் சிவப்பு ஜாதியைப் பதிவேட்டுடன் பேணி வருகிறது. இது 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பெட்டைகளை நம்பத்தக்க அண்டைக் கிராமத்து மந்தையிலிருந்து வாங்கலாம். பொலிகிடாவை மட்டுமேனும் பதிவுள்ள இடத்திலிருந்து கேட்டுப் பெற முயல வேண்டும். ஒரு பெட்டை வருஷத்திற்கு ஒரு குட்டிக்கே தாயாகிறது. கிடாவோ மந்தைக் குட்டிகள் அனைத்திற்கும் தகப்பன் என்பதை மறத்தல் கூடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. பல்: இரண்டு நிலைப் பல் முளைத்தது சுமார் 1 முதல் 1½ வயது, நான்கு பல் 2 வயது, ஆறு பல் 3 வயது, எட்டுப் பல் 4 வயது. இரண்டு முதல் நான்கு பல் உள்ள பெட்டையே தக்கது.

2. கண்: கீழ் இமையைத் திருப்பிப் பார்க்கச் சிவந்திருக்க வேண்டும். வெளுத்திருந்தால் இரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழு உண்டென்று அறிக.

3. மடி: மிருதுவாய், கட்டியின்றி, இரு காம்பும் ஒத்திருத்தல் வேண்டும்.

4. கால்: குளம்பிடையே துர்நாற்றமோ புண்ணோ இருத்தலாகாது.

5. கிடா: இரு விதைகளும் ஒரே அளவாய்த் திரண்டிருக்க வேண்டும். வயது 1½-க்குக் குறைந்ததைப் பொலிக்கு விடலாகாது.

மழைக்காலத்தில் வாங்குவதை விடுத்து, தை, மாசி மாதங்களில் வாங்குக. அப்போது சம்பா அறுவடையான தாளடி மேய்ச்சல் கிடைக்கும், பட்டியும் காய்ந்திருக்கும். வாங்கிய ஆட்டை 30 நாள் பழைய மந்தையோடு சேர்க்காமல் தனித்து வைத்துக் குடற்புழு நீக்க வேண்டும். முதலில் 10 பெட்டைகள் போதும். ஒரு கிடா 25 முதல் 30 பெட்டைகளுக்குப் போதுமாதலால், மூன்று அண்டைக் குடியானவர் சேர்ந்து ஒரு நல்ல கிடாவை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மூவர் மந்தையும் நோயற்றிருத்தல் வேண்டும். தன் மகளோடு தானே சேராதிருக்கும் பொருட்டு இரண்டு வருஷத்திற்கொரு முறை கிடாவை மாற்றுதல் அவசியம்.

இப்பகுதிக்குரிய எச்சரிக்கைகள்

ஜாதி எவ்வளவு உயர்ந்ததாயினும் இடத்தின் குற்றத்தை அது தீர்க்காது. மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் பல, அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்து உப்பானவை. ஆகவே கொட்டகை போடுமுன் நீரைச் சோதிப்பது முதல் வேலை. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த புல்லிலும் ஆலைக் கழிவு ஓடும் வாய்க்காலிலும் ஆட்டை விடலாகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை யாவரும் அறிவர். அத்தகைய காலங்களில் கொசஸ்தலை ஆற்றோர மேய்ச்சலை அறவே நிறுத்தி, வீட்டில் தீவனம் இடுக. குப்பை மேட்டிலுள்ள பிளாஸ்டிக் பைகளை ஆடு விழுங்கினால் அவை இரைப்பையில் தங்கி மெல்ல மெல்லக் கொல்லும்.

கொட்டகையின் தரை, வெள்ள மட்டத்திற்கு மேலாய் உயர்ந்திருக்க வேண்டும்; சட்டம் பரப்பிய பரண் மிக நன்று. ஆடொன்றுக்கு 10 சதுர அடி கணக்கிடுக. தாழ்ந்த ஏரியோர ஈரப்புல்லில் ஈரல் தட்டைப்புழு உண்டு. காலைப் பனி உலர்ந்த பின்னரே மேய்ச்சலுக்கு விடுக. வேலிமசால், அகத்தி, கொழுக்கட்டைப் புல் ஆகியவற்றைச் சிறிது நிலத்திலேனும் பயிரிடுதல் நலம். மாட்டுக்கென விற்கும் தாது உப்புக் கலவையைச் செம்மறிக்குக் கொடுக்கலாகாது. அதிலுள்ள தாமிரம் மாட்டுக்கு நன்மையாயினும் செம்மறிக்கு நஞ்சாகும்.

ஆவணி மாதத்தில் கிடாவை விட்டால், சினைக்காலம் சுமார் 150 நாளாதலால், தையில் குட்டிகள் பிறக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குத் தப்பும். கிடா விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து பெட்டைகளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கிராம் தானியக் கலவை கொடுத்தால் நன்றாய்ச் சினை பிடிக்கும். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் குடிக்க வேண்டும்.

துள்ளுமாரித் தடுப்பூசியை ஆண்டுதோறும் மழைக்கு முன் போட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி ஒரு முறை போட்டால் சுமார் 3 வருஷம் காக்கும். நீலநாக்கு நோய் சிறு கடிபூச்சிகளால் மழைக்காலத்தை ஒட்டிப் பரவுகிறது. நாக்கு வீங்கி, மூக்கு ஒழுகி, கால் நொண்டினால் தாமதியாமல் கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். 1962 என்னும் எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

கணக்கேடும் கிராம அதிகாரிகளும்

ஒவ்வோர் ஆட்டின் காதிலும் எண் பூட்டி, தாய் எண், தகப்பன் எண், பிறந்த நாள், பிறப்பு எடை, மூன்றாம் மாத எடை ஆகிய ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. மூன்று வருஷம் இவ்வாறு எழுதியவர் கையில் உள்ளதே உண்மையான ஜாதி மந்தை. அவர் விற்கும் கிடாவுக்கு, புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி விலையைக் காட்டிலும் மேலான விலையைக் கேட்க நியாயம் உண்டு. பக்ரீத் பண்டிகை ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னதாக வருவதால், அதற்கென வளர்க்கும் கிடாக்களின் வயதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஊரில் எஞ்சியுள்ள மேய்ச்சல் புறம்போக்கை அளந்து எல்லை நட்டு, ஆக்கிரமிப்பின்றிக் காத்தல் வேண்டும். எத்துணை நல்ல ஜாதியும் நிற்பதற்குப் புல் வேண்டும். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை அமர்த்த நிலக்காரரும் மந்தைக்காரரும் உடன்படும்படி செய்தால், மந்தைக்கு மேய்ச்சலும் வயலுக்கு எருவும் ஒருங்கே கிடைக்கும்.

சுருங்கச் சொன்னால், பொன்னேரி வட்டத்தில் புதிதாய்த் தொடங்குவோர் பத்து சென்னைச் சிவப்புப் பெட்டைகளையும், அண்டையாரோடு கூட்டாக ஒரு பதிவுள்ள கிடாவையும் கொண்டு ஆரம்பிக்கட்டும். இரண்டு ஈற்றுக்குப் பின் கணக்கேட்டைப் பார்த்து, நல்ல குட்டி தராத பெட்டைகளை விற்று, நல்லவற்றின் மக்களை நிறுத்தி, மந்தையைப் பெருக்குக.