டாக்டருக்கு மறுபடி முதலாம் ஆண்டு

ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, வைவாவும் முடித்து, பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொண்ட பிறகுதான் சிலருக்கு உறைக்கிறது, இந்தத் துறை நமக்கானதல்ல என்று. வெளியே சொன்னால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? ஐந்தாறு வருடம் வீணா?

1976-இல் அப்படி ஒரு நிலையில் நின்றவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்தவர். அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். கோட்பாட்டு ஆய்வு அவருக்குச் சலித்துவிட்டது. அதே நேரம் அறிவியல் பத்திரிகைகளைப் புரட்டினால் உயிரியலில் மாதத்துக்கொரு கண்டுபிடிப்பு. கல்யாணமாகி, குடும்பப் பொறுப்பும் இருந்த நிலையில், மறுபடி மாணவராகச் சேர விண்ணப்பம் போட்டார்.

ஏற்கெனவே முனைவர் பட்டம் இருக்கிறதே என்று மறுத்த இடங்களும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம் இடம் கொடுத்தது. இளங்கலைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மரபியலும் உயிர்வேதியியலும் படித்தார். இரண்டு வருடம் கழித்து, இரண்டாவது பட்டம் வாங்காமலே யேல் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார்.

அங்கே பீட்டர் மூரின் ஆய்வகத்தில் ரைபோசோம் ஆராய்ச்சி. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் பட்டறை அது. அதன் சிறிய பாதியில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட புரதங்கள். எது எங்கே இருக்கிறது? கனநீரில் பாக்டீரியாவை வளர்த்து, அதிலிருந்து இரண்டே இரண்டு புரதங்களைப் பிரித்து, சாதாரண ரைபோசோமில் பொருத்துவார்கள். நியூட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் அந்த இரண்டும் தனித்துத் தெரியும், இடைவெளியை அளக்கலாம். பிறகு அடுத்த ஜோடி. இப்படி ஒவ்வொன்றாக அளந்து முழு வரைபடம் வெளியானது 1987-இல். கற்றை சிதறுவதைக் கணக்கிட இயற்பியல் வேண்டும். புரதத்தைப் பிரித்தெடுக்க உயிர்வேதியியல் வேண்டும். பழைய படிப்பு குப்பைக்குப் போகவில்லை.

ஆனால் வேலைச் சந்தை இதை மெச்சவில்லை. ஏறக்குறைய ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பித்தும் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை. அரசு ஆய்வுக்கூடங்களில்தான் ஒதுங்க முடிந்தது. நியூட்ரான் முறையின் எல்லை தெரிந்ததும், நாற்பதை நெருங்கும் வயதில் மூன்றாவது முறையாக மாணவரானார். 1991-இல் கேம்பிரிட்ஜுக்குப் போய் எக்ஸ்-கதிர் படிகவியல் கற்றார். 1999-இல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அங்கேயே குடியேறினார். 2000-இல் ரைபோசோமின் சிறிய பாதியின் அணு அளவிலான அமைப்பு அவர் குழுவிடமிருந்து வெளிவந்தது. 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் நோபல் பரிசு. அதுவும் வேதியியலுக்கு! அந்தப் பாடத்தில் அவர் பட்டமே வாங்கியதில்லை.

அவரைப் போலவே, கேம்பிரிட்ஜில் இயற்பியல் ஆய்வு செய்து முனைவரான வால்டர் கில்பர்ட்டும் உயிரியலுக்கு மாறி, 1980-இல் வேதியியல் நோபல் பெற்றவர்தான்.

நோபல் பரிசைக் காட்டி எல்லோரையும் துறை மாறச் சொல்ல முடியாது. ஐம்பது மறுப்புகளும் அதே கதையில்தான் இருக்கின்றன. நம் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததும், "எம்.எஸ்சி.யில் என்ன மேஜர்?" என்றுதான் பார்க்கிறார்கள்; பாடம் பொருந்தாவிட்டால் அந்தக் காகிதம் அடியில் போய்விடும். மாற நினைப்பவருக்குத் துணிச்சல் வேண்டும் என்று சொல்வது சுலபம். சான் டியாகோ செய்ததைப் போல, டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு வகுப்பில் ஓரிடம் ஒதுக்கித் தரும் மனம் யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.