டென்னிஸ் பார்க்க கூடாரம்!

குட்டீஸ்... டென்னிஸ் பார்ப்பதற்காக, கூடாரம் போட்டு இரவெல்லாம் காத்திருக்கும் ரசிகர்கள் உண்டு, தெரியுமா?

லண்டனில், புல்தரையில் நடப்பது, விம்பிள்டன் போட்டி. 1877ல் நடந்த முதல் இறுதி ஆட்டத்தை, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து பார்த்தவர்கள், சுமார் 200 பேர் தான். இன்று, டிக்கெட் கிடைப்பதே அபூர்வம்.

குலுக்கலில் பெயர் வராதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அருகிலுள்ள பூங்காவில், முந்தைய நாளே வந்து, வரிசையில் சேரலாம். தேதியும், எண்ணும் போட்ட அட்டை தருவர். பின், கூடாரத்தில் உறங்கலாம். அதிகாலையில் ஊழியர்கள் எழுப்புவர். முன்னால் இருப்போருக்கு, முக்கிய மைதானங்களிலேயே இடம் கிடைக்கும்.

அட்டையை பிறருக்கு தரக் கூடாது. பின்னால் வரப்போகும் நண்பனுக்கு இடம் பிடிக்கவும் கூடாது. இந்த வரிசையில், முந்தி வந்தவருக்கே முதல் இடம்!

அடுத்த முறை, பஸ்சில் முண்டியடிக்கும் முன், இவர்களை நினைச்சுக்கங்க!